அண்ணன் இறக்கிவைத்த தொட்டி

கிரேன்காரரை அன்று விடிந்ததுமே எழுப்பி உட்காரவைத்துவிட்டாள் சின்னவள். முகத்தில் சோப்பு நுரை தடவி, கோணிப்போன கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தாள். பிளாஸ்டிக் நாற்காலியோடு குளியலறைக்கு இழுத்துப்போய்த் தலைக்கு ஊற்றினாள். நகம் வெட்டினாள். வெள்ளைச் சட்டையில் உணர்வில்லாத வலது கையை முதலில் நுழைத்து, அப்புறம் நல்ல கையை நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

“மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கப்பா.”

“பொண்ணு வீட்டுல என்ன சொல்றாங்க?” என்றார் அவர்.

பக்கவாதம் வந்ததிலிருந்து நாக்கு தடித்துப்போயிருந்தது. வார்த்தைகள் வாய்க்குள்ளேயே பாதி கரைந்துதான் வெளியே வரும். சின்னவளுக்கும் அவள் புருஷனுக்கும் அது பழகிவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்றை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மற்றவர்களோடு பேசுவதையே அவர் விட்டுவிட்டார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் உயரத்துக்கு எத்தனையோ மடங்கு மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியின் மேல் வைப்பார். முட்டையை வைப்பதுபோல வைப்பார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இப்போது அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கிவைப்பது சின்னவளின் வேலை. அவள் ஒன்றும் வாட்டசாட்டமான பெண் இல்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், கொதிக்கும் உருளைக்குள் ஈரப் படுக்கைவிரிப்புகளைச் செலுத்துகிறவள். அந்தக் கைப்பழக்கத்தில்தான் அப்பாவையும் அள்ளுவாள். முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்கு.

அன்றைக்குப் பெரியவன் வந்து அவரை அழைத்துப்போவதாக ஏற்பாடு. வெயில் காலம் முடியும்வரை அங்கே இருக்கட்டும் என்று பேச்சு. அண்ணன் வீட்டில் ஏசி இருக்கிறது, நன்றாகத் தூங்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்த வாரம் தனக்குக் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. பெண்பிள்ளை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கட்டி வளர்ந்து, மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையைக்கூடத் தராத பை, போகிறபோது மட்டும் இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டுப் போகிறது என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை.

கார் சத்தம் கேட்டதும் மெக்கானிக் கீழே ஓடினான். ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவன். மாமனாரை முதுகில் சுமந்து மாடிப்படி இறக்குவதற்காக வேலைக்குப் போகாமல் இருந்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் படியேறி வந்தவன் கையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பின்னால் பெரியவன், மூடி போட்ட வாளியோடு.

“இத எங்க வைக்கலாம்? வெயில் படாத எடமா இருக்கணும்” என்றான் பெரியவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“என்ன அண்ணா இது?”

“குட்டியோடது. ஆக்சலாட்டில். ரெண்டு இருக்கு. பாரு, எவ்வளவு அழகு!”

வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். சாண் நீளத்தில் இரண்டு பிராணிகள். மீனுமில்லை, பல்லியுமில்லை. ஒன்று தோலுரித்தாற்போல் வெளிறிய சிவப்பு, மற்றது கருப்பு. கழுத்தின் இரண்டு பக்கமும் இறகுபோல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நாலு பொடிக்கால்கள். வாய் மட்டும் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

“குட்டிக்கு லீவு விட்டாச்சா, மலைப்பக்கம் ஒரு வாரம் பத்து நாள் போயிட்டு வரலாம்னு… வந்ததும் நேரா இங்கதான். இதையும் எடுத்துக்குவேன், அப்பாவையும் கூட்டிட்டுப் போயிருவேன். ஒரே வேலையா முடிஞ்சிரும்.”

சின்னவள் கதவோரம் இருந்த பையைப் பார்த்தாள். அப்பாவின் மாத்திரை, துணிமணி, இடுப்புக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பு எல்லாம் அதில் இருந்தன.

“அண்ணா, எனக்கு இந்த வாரம் அட்மிட் ஆகச் சொல்லியிருக்காங்க. உன்கிட்ட சொன்னேன், அண்ணிகிட்டயும் சொன்னேன்.”

“தெரியும்மா. ஆபரேஷன் தேதிய மாத்திக்கலாம். எங்க டிக்கெட்ட மாத்த முடியாது.” அவன் குரலில் வஞ்சகமே இல்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவனைப்போலச் சொன்னான்.

“இதையாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல மச்சான்?” என்றான் மெக்கானிக்.

“சொன்னா கோவிச்சுக்குவா, மாப்ள. இவளப் பத்தி எனக்குத் தெரியாதா?”

நாற்காலியில் இருந்தவர், “யாருக்கு ஆபரேஷன்?” என்று கேட்டார்.

பெரியவனுக்குப் புரியவில்லை. “என்ன சொல்றாரு?”

“எப்பக் கெளம்பலாம்னு கேக்குறாரு” என்றாள் சின்னவள்.

“வந்ததும் போயிரலாம்பா!” காது கேட்காதவரிடம் பேசுவதுபோல உரக்கச் சொல்லிவிட்டுப் பெரியவன் அவர் தோளைத் தட்டினான். அண்ணி மாடி ஏறவில்லை. ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், காரிலேயே குளிரில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகள் குட்டி மட்டும் ஓடிவந்து தொட்டிக் கண்ணாடியில் இரண்டு முத்தம் கொடுத்தாள். போகிற போக்கில் தாத்தாவுக்கும் கையாட்டினாள்.

கார் தெருவைத் தாண்டியதும் கிரேன்காரர் மகளைப் பார்த்தார்.

“சட்டையக் கழட்டு. வேர்க்குது.”

*

தொட்டியை அப்பாவின் அறையில்தான் வைத்தார்கள். அந்த வீட்டில் மேற்கு வெயில் படாத அறை அது ஒன்றுதான். கட்டிலின் கால்மாட்டில், சுவரோரமாக, ஒரு உயரமான மர ஸ்டூல் மேல். அண்ணியின் குரல்செய்திகள் ஒவ்வொன்றாகச் செல்போனில் வந்து விழுந்தன. தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, பிடித்துவைத்து மறுநாள்தான் ஊற்ற வேண்டும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிட வேண்டும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். ரொம்பவும் சூடாகிவிட்டால் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், செத்துப்போகாது, பயப்பட வேண்டாம். ‘குழந்தை மாதிரி பாத்துக்கோ’ என்று ஒவ்வொன்றும் முடிந்தது.

“குழந்தைய யாராவது ஃபிரிட்ஜுல வைப்பாங்களா?” என்றான் மெக்கானிக்.

ஆஸ்பத்திரியில் தேதியை மாற்றக் கேட்டபோது அங்கிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது ஒரு இடம் இருக்கிறது என்றாள். ரத்தம் அதிகமாகப் போனால் உடனே வரச் சொன்னாள். எவ்வளவு போனால் அதிகம் என்று சின்னவள் கேட்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சலவைக்கூடத்தில் உருளைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களின் முகம் வெந்த கிழங்கைப்போல ஆனது. ஈர விரிப்பு உள்ளே போய் மறுபக்கம் காகிதமாக வரும். நடுவில் கிளம்பும் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். சின்னவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று துணி வாங்குகிறவளை எல்லாரும் நெட்டச்சி என்பார்கள்.

“உன் உதட்டப் பாருடி, வெளுத்த துணி தோத்துது” என்றாள் நெட்டச்சி. “பேசாம அந்தக் கெழவரை அண்ணன் வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டு ஓடிவந்திரு.”

“அண்ணன் ஊர்ல இல்ல.”

“எங்க போனான்?”

“குளுகுளுன்னு இருக்கற எடத்துக்கு.”

“அது சரி. சொந்தம்னா அப்படித்தான். சோத்துக்கு மொத ஆளு, சொமைக்குக் கடைசி ஆளு.”

வேலை முடிந்து வரும்போது சலவைக்கூடத்தின் பின்பக்கம், கழிவுநீர் ஓடி எப்போதும் ஈரமாயிருக்கும் மண்ணைக் கிளறி, ஒரு டப்பாவில் மண்புழு பொறுக்கிக்கொண்டு வருவாள். அண்ணி கொடுத்த உருண்டைத் தீனியை அவை சீந்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, கீழே கட்டியிருந்ததை மாற்றி, முதுகைத் துடைத்து, குழைத்த சோற்றில் பாலை ஊற்றி ஊட்டிவிட்டு, அதற்கப்புறம் தொட்டி. அடியில் கிடக்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாளி வாளியாக. இரண்டு வேலையும் ஒரே மாதிரிதான் என்று தோன்றும். தொட்டி முனகாது, அவ்வளவுதான்.

புழுப் போடுகிற வேலையைக் கிரேன்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப்போட்டுக்கொடுத்தால், இடது கையில் இடுக்கியைப் பிடித்து, நெளியும் புழுவைத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல இறக்குவார். வாய்க்கு நேரே வரும்வரை அசைக்காமல் நிறுத்துவார். லபக்கென்று அது கவ்வியதும் அவர் முகத்தின் நல்ல பாதி மலரும். வெளிறியதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார், எந்நேரமும் சிரித்துக்கொண்டு சும்மாவே கிடந்ததால். கருப்பு அங்குமிங்கும் நடந்தபடி இருந்ததால் அது போர்ட்டர்.

“மாமா, இதுங்களுக்குக் கால் போனா மறுபடியும் முளைக்குமாம். போன்ல போட்டிருக்கான்” என்றான் மெக்கானிக் ஒருநாள்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். “எனக்கும் ரெண்டு புழு போட்டுப் பாரு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வெயில் காலத்தில் அந்த வீட்டில் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலமானால் குட்டி வீடியோவில் வருவாள். அவளுக்குப் பின்னால் பனிமூட்டமும் பச்சை மலையும் தெரியும். எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். சின்னவள் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் கிரேன்காரர் கட்டில் விளிம்பைப் பிடித்துத் தத்தித் தத்தி நகர்ந்து, தலையைத் தொட்டிக்கு அருகில் கொண்டுவந்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். ஏதோ சொல்லவந்தார்.

“தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது” என்றாள் குட்டி.

அவர் தள்ளிக்கொண்டார். குழந்தை தெரியாமல் சொன்னதுதான். அதன் பின்னால் நின்ற பெரியவனுக்குமா தெரியவில்லை? அவன் சிரித்தபடி, “தண்ணி கலங்கலா இருக்கே, மாத்தலியா?” என்று கேட்டான்.

அன்று போனை வைத்த பிறகு அவர் மகளிடம் கேட்டார். “என்ன ஆபரேஷன்?”

“சின்னதுதாம்பா.”

“சின்னதுக்கு யாரும் அட்மிட் ஆவச் சொல்ல மாட்டான். சொல்லு.”

அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்னைத் தூக்கித் தூக்கித்தான்.”

“இல்லப்பா. அது கட்டி. அதுவா வர்றது.”

“தூக்கக் கூடாதுன்னாங்களா?”

அவள் தொட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள்.

“கேக்குறேன்ல?”

“எல்லாம் சொல்லத்தான் செய்வாங்க. அப்படிப் பாத்தா நான் மூச்சுக்கூட விடக் கூடாது.”

மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும், போனால்தானே தூக்க வேண்டும். டம்ளரை வாயில் வைத்துவிட்டு, குடித்தேன் என்று தலையாட்டுவார். அந்த வெயிலில் அவர் உதடு வெடித்துத் தோல் உரிந்தபோதுதான் சின்னவளுக்குப் பிடிபட்டது. பொல்லாத கோபம் வந்தது அவளுக்கு. டம்ளரைப் பல்லில் இடித்து ஊற்றினாள். “ஏன்பா என்னை இன்னும் வதைக்கிறீங்க? உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் எத்தனை பேரைத்தான் பாக்குறது?” என்று கத்தினாள். தண்ணீர் அவர் கழுத்தில் வழிந்தது. பிறகு துடைத்துவிட்டாள்.

*

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது அவளுடைய வார விடுமுறை நாளில், விடியும் முன்பே. காலை பத்து மணிக்குள் தெருவே அடுப்பாகிவிட்டது. மின்விசிறி இல்லை. மோட்டார் ஓடாததால் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஃபிரிட்ஜில் உறைந்திருந்த பாட்டில் தண்ணீர் உருகிவிட்டது. மெக்கானிக் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டைமாடியில், இரைகிற இயந்திரங்களுக்கு நடுவே இருந்தான். போன் அடித்தாலும் அவனுக்குக் கேட்காது.

சின்னவள் கீழ்க்குழாயில் வாளி வைத்துப் பிடித்து ஏறினாள். முதல் வாளியில் துணியை நனைத்து அப்பாவின் உடம்பு முழுக்கத் துடைத்தாள். பனைமட்டைபோலக் காய்ந்திருந்த உடம்பு தண்ணீரை உறிஞ்சியது. தொட்டிக்குள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இறகுகள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தன.

“விடு. செத்தா சாவட்டும்” என்றார் கிரேன்காரர்.

“செத்தா யாருப்பா பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். நீ ஒக்காரு.”

“நீங்க சொன்னா யாருக்குப் புரியும்?” என்றாள் அவள். சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

இரண்டாவது தடவை ஏறிவரும்போது படியிலேயே உட்கார்ந்து எழுந்து வந்தாள். காலில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. வியர்வை என்று நினைத்தாள், அல்லது நினைக்க விரும்பினாள். வாளியைத் தொட்டி உயரத்துக்குத் தூக்கினாள். தூக்கியது நினைவிருக்கிறது. அப்படியே மடங்கிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தாள். வாளி உருண்டது. தரையில் பரவிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சிவப்பானது.

கிரேன்காரர் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. கத்தினார். வெளியே வந்தது வார்த்தையில்லை, ஒரு பிளிறல். தெருவில் கடைகளின் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் பட்டன் போன் இருந்தது. ஒன்றை அழுத்தினால் மகன், இரண்டை அழுத்தினால் மகள் என்று பெரியவன்தான் வாங்கி, சரிபண்ணிக் கொடுத்திருந்தான். ஒன்றை அழுத்தினார். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி அழுத்தினார். துண்டிக்கப்பட்டது. இன்னொரு தடவை அழுத்தினார். எடுக்கவே இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இரண்டை அழுத்தினார். கீழே கிடந்தவளின் நைட்டிப் பைக்குள் போன் பாடியது. அது பாடி ஓயும்வரை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் தொட்டியைப் பார்த்தார்.

கட்டிலோரம் சாய்த்திருந்த தடியை இடது கையால் எடுத்தார். நல்ல காலால் மெத்தையை உந்தி உந்தி, செத்த பாதி உடம்பை இழுத்துக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார். மகள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். தொட்டி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பார்த்தார். தடியைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, நுனியைத் தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து, நெஞ்சால் அழுத்தினார். ஸ்டூல் கிறீச்சிட்டது. இன்னொரு தடவை அழுத்தினார். தொட்டி ஸ்டூலோடு கதவுப்பக்கமாகச் சரிந்து, மாடியே அதிரும்படி விழுந்து உடைந்தது. அத்தனை தண்ணீரும் வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கிக் கீழ்வீட்டு வாசலில் போய்க் கொட்டியது.

கீழ்வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர் இருந்தாள். மாடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் சண்டைக்கு வருகிறவள். அன்றும் வந்தாள். “உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? கீழ இருக்கறவ மனுஷியா இல்லையா?” என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே ஏறிவந்தவள், அறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரேன்காரர் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, தடியால் மகளைக் காட்டினார். ஏதோ சொன்னார். அவர் சொன்னது டீச்சருக்கு முதல் தடவையிலேயே புரிந்தது.

*

அன்றே அறுத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் கிரேன்காரரோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கும்போது போர்ட்டர் கட்டிலுக்கடியில் செத்துக் கிடந்தது. மேனேஜர் ஈரமான மூலையில், கவிழ்ந்த வாளிக்குள் சிரித்தபடி இருந்தது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதை விட்டாள்.

“ஒண்ணு தப்பிச்சிருச்சு ஐயா” என்றாள்.

எட்டிப் பார்த்த கிரேன்காரர், “மேனேஜரா? அவன் தப்பிச்சிருவான். எப்பவும் அப்படித்தான்” என்றார்.

பெரியவன் சாயங்காலம்தான் திருப்பிக் கூப்பிட்டான். டீச்சர் எடுத்து விஷயத்தைச் சொன்னாள். ஐயோ என்றான். உடனே கிளம்பப் பார்க்கிறேன் என்றான். டிக்கெட் கிடைக்கவில்லை என்று மறுநாள் சொன்னான். கடைசியில், திரும்பிவர வேண்டிய நாளில்தான் திரும்பிவந்தான்.

அதற்குள் சின்னவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மடக்குக் கட்டில் போட்டு அதில் படுத்திருந்தாள். இருமினால் தையல் இழுத்தது. மெக்கானிக் ஒரே ஆளாக இரண்டு பேருக்கும் சமைத்து, ஊட்டி, அள்ளி, வேலைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். அவன் கண்ணைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பெரியவன் பழப்பையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தான். வெயிலில் கறுக்காத முகம்.

“எப்படிம்மா இருக்கே?”

“இருக்கேன்.”

“குட்டி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. கருப்பு செத்ததச் சொல்லிட்டோம்.” கொஞ்ச நேரம் கைவிரல்களைச் சொடுக்கினான். “அப்பா கூப்பிட்டப்ப நாங்க படகுல இருந்தோம். சும்மாதான் கூப்பிடுறாருன்னு நெனச்சேன். எப்பவும் சும்மாதானே கூப்பிடுவாரு?”

மெக்கானிக் பழப்பையை எடுத்து மூலையில் வைத்தான்.

“உங்க அண்ணி வேற மாதிரி பேசுறா. அப்பாவுக்கு ஆரம்பத்துலேருந்தே அது பிடிக்கல, வேணும்னே தள்ளியிருக்காருன்னு. நான் சொல்லிட்டேன், தடுமாறி விழுந்திருப்பாரு, பாவம்னு.”

“வேணும்னேதான் ஒடச்சேன்” என்றார் கிரேன்காரர்.

“என்ன?”

“மாமா வேணும்னேதான் ஒடச்சாராம்” என்றான் மெக்கானிக். “ஒடைக்கலன்னா நீங்க எழவுக்குத்தான் வந்திருப்பீங்க. அதுக்காவது டிக்கெட் கெடைச்சிருக்குமோ என்னவோ.”

“மாப்ள, வார்த்தைய விடாதீங்க.”

“நான் எதையும் விடல மச்சான். எல்லாத்தையும் இங்க விட்டுட்டுப் போனது நீங்க.”

பெரியவன் எழுந்தான். தானே அடுப்படிக்குப் போய், மேனேஜரைப் பாத்திரத்திலிருந்து வாளிக்கு மாற்றி எடுத்துவந்தான். வாசல்வரை போய், நின்று, திரும்பாமலே சொன்னான்: “அப்பாவ அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். குட்டிக்கு மனசு கொஞ்சம் ஆறட்டும்.”

“இன்னைக்கே கூட்டிட்டுப் போ” என்றாள் சின்னவள்.

அறையில் இருந்த மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

“இன்னைக்கா? வீட்டுல ஒண்ணுமே தயார் பண்ணலியேம்மா. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம…”

“கேக்காதே. நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமத்தானே அந்தத் தொட்டிய எறக்கினே? அதே மாதிரி கொண்டுபோய் எறக்கு. என்னால இனிமே ஒரு சொம்பு தூக்க முடியாது. இவரும் செத்துருவாரு, நானும் செத்துருவேன்.” குரல் உடையாமல் சொன்னாள். அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் பேசுவது அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியாது. பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைப்பார்கள், அது நின்றுவிடும், இன்னொரு ஆளை வைப்பார்கள். தன் உயிரைக் காப்பாற்றிய மனுஷனைத் தன் வாயாலேயே எழுப்பி அனுப்புகிறோம் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் அவளால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

கிரேன்காரர் நல்ல கையால் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சீப்பு எங்க?” என்று கேட்டார் பிறகு.

மெக்கானிக் சீப்பை எடுத்துக்கொடுத்தான். இடது கையால் தானே வாரிக்கொண்டார். வகிடு கோணலாக விழுந்தது. அவள் எழுந்து சரிசெய்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, சற்றுத் தலையைத் தாழ்த்தி வைத்திருந்தார். எழ அவளால் முடியவில்லை. பிறகு மெக்கானிக் குனிந்து முதுகைக் கொடுத்தான்.

படியில் இறங்கும் காலடிச் சத்தத்தை அவள் படுத்தபடி கேட்டாள். கீழே டீச்சர் ஏதோ கேட்பதும் பெரியவன் ஏதோ சொல்வதும் கேட்டது. சுவரைப் பிடித்து எழுந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து ஜன்னலுக்குப் போவதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள். மேலேயிருந்து பார்க்கையில் காரின் கூரை மட்டும்தான் தெரிந்தது. வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. கார் நகர்ந்து, டீக்கடையைத் தாண்டி, திரும்பிவிட்டது.

மெக்கானிக் மேலே வந்து வெறும் கட்டிலில் உட்கார்ந்தான்.

“முன்னாடி உக்கார வச்சியா, பின்னாடியா?”

“பின்னாடி. வாளியையும் அங்கதான் வைக்க வேண்டியிருந்தது. சாஞ்சிரும்னு மச்சான் பயந்தாரு. மாமா ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு ஒரு கையால புடிச்சுக்கிட்டாரு.”

“ஏதாவது சொன்னாரா?”

அவன் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வண்டி கெளம்பறப்ப மச்சான்கிட்டதான் சொன்னாரு. அவருக்குப் புரியல, ரெண்டு தடவ சொன்னாரு. தண்ணி தளும்புது, மெதுவா ஓட்டுன்னு.”